வாசலில் நின்றவன்

தம்பியின் வலது கை சட்டைக்குள் போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. உயிரோடு இருந்தபோதும் அவன் லேசில் வளைந்துகொடுத்ததில்லை. அக்கா சட்டையின் முதுகைக் கத்தரியால் கிழித்து, இரண்டு பக்கமும் செருகி, முன்னால் பொத்தான் போட்டாள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

பக்கத்து அறையில் அவள் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரங்கல் உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் மார்க்சியம் நடத்துகிறவர், ஆசிரியர் சங்கத் தலைவர். ஊரே "தலைவர்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டிலும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. தம்பி அதே இடத்தில் பின்நவீனத்துவம் நடத்தினான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள்.

"மாமா, உங்க வரலாறு ரயில் மாதிரி. தண்டவாளத்தை விட்டு இறங்கவே இறங்காது."

"உன்னோடதுக்குத் தண்டவாளமே கிடையாதேடா!"

அவள் இருவருக்கும் சமமாகப் பரிமாறுவாள்.

போன ஆண்டு நிர்வாகம் தம்பியை வேலையை விட்டு நீக்கியது. பிள்ளைகளின் மனதைக் கெடுக்கிறானாம். சங்கம் தனக்காகப் பேச வேண்டும் என்று கேட்டுக் கூட்டத்துக்கு வந்து நின்றான். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உண்மைன்னே ஒண்ணு கிடையாதுன்னு பாடம் நடத்துறவருக்கு, அநியாயம் நடந்தது மட்டும் எப்படி உண்மையாகும்?"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரித்த கூட்டத்தில் ஒரு கைகூட அவனுக்காக உயரவில்லை. அந்த வாக்கியம் உணவகம், நூலகம், கழிப்பறை வரை சுற்றி வந்தது. தம்பி எங்கே வேலை கேட்டுப் போனாலும் அவனுக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது. நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவன் மாரடைப்பில் அப்படியே சரிந்தான்.

அவள் கத்தரியை வைத்துவிட்டுக் கணவரிடம் போனாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அவனுக்காக நாங்க நின்னிருக்கணும், நிக்கலைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அது போதும்."

"தத்துவ ரீதியா பார்த்தா அவன்..."

"தத்துவத்தை யாரு கேட்டா? உங்களை சஸ்பெண்ட் பண்ணினப்போ வாசல்ல நின்னது யாரு?"

தலைவர் கையிலிருந்த உரைத்தாளை மடித்தார். பழைய வேலைநிறுத்தத்தில் அவரை இடைநீக்கம் செய்திருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவியபோது, தம்பி மட்டும் கழுத்தில் முழக்க அட்டையை மாட்டிக்கொண்டு, கம்பி உடைந்த குடையோடு பல்கலைக்கழக வாசலில் நின்றான். அவரைத் திரும்ப எடுக்கும்வரை தினமும் நின்றான். அட்டையில் இருந்த ஒரு சொல்லையும் அவன் நம்பியதில்லை. "நம்பினாத்தான் நிக்கணுமாக்கா? மாமா தப்பாப் பேசுறதுக்கும் அவருக்கு ஒரு இடம் வேணாமா?" என்றான்.

"சரி, சொல்றேன்" என்றார் தலைவர்.

மண்டபம் நிறைந்திருந்தது. தம்பியின் நீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்ட பதிவாளர் பெரிய மலர்வளையத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் நன்றாகத்தான் தொடங்கினார்.

"என் மைத்துனர் தனியா நின்னார். அவர் பக்கத்துல நாங்க..."

நிறுத்தினார். அவள் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தாள். யாரோ இருமினார்கள். மேடையில் அமைதி என்றால் தலைவருக்கு ஆகாது. கை தானாகப் போய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தது.

"உண்மைன்னே ஒண்ணு கிடையாதுன்னவர், இன்னைக்கு மறுக்கவே முடியாத உண்மையா நம்ம முன்னாடி படுத்திருக்கார்."

முதலில் பதிவாளர்தான் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாக, வாயைப் பொத்திக்கொண்டு, எல்லாரும். தலைவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்த ஒரு கணத்துக்காக அவள் அவரை மனதார வெறுத்தாள்.

வெளியே, பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, பதிவாளர் தலைவரின் தோளில் கை போட்டார். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"பிரமாதமான பேச்சு. நீங்க உண்மையை மதிக்கிற ஆளு, அதனால ஒளிக்காமச் சொல்றேன். உங்க துறையில பிள்ளைங்க சேரலை. இந்த வருஷத்தோட மூடுறோம்." பதிவாளர் புன்னகைத்தார். "மறுக்கவே முடியாத உண்மை, இல்லையா?"

தலைவர் சுற்றும் முற்றும் பார்த்தார். சங்கத்துக்காரர்கள் காதில் விழாதமாதிரி சட்டைப்பையில் கார்ச் சாவியைத் தேடினார்கள். ஒவ்வொரு முகமாகத் தாண்டி வந்த அவர் கண், கடைசியில் வண்டிக்குள் இருந்த பெட்டியில் போய் நின்றது.

அக்கா ஏறிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

"ஐயா இன்னும் ஏறலையேம்மா, கொஞ்சம் நிறுத்தட்டுமா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"வேண்டாம். போங்க."

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மண்டப வாசலில், உச்சிவெயிலில், அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கார்கள் அவரை ஒதுக்கி வளைந்து வெளியேறின. வண்டி திரும்பிய குலுக்கலில், மூடாத பெட்டிக்குள் தம்பியின் சட்டை தோளில் விலகிக் கிழிசல் தெரிந்தது. அவள் குனிந்து அதை உள்ளே செருகிவிட்டாள்.