தாழ்ந்த கம்பி

டிப்போவுக்கு இனி சைக்கிளில்தான் போவது என்று ஓட்டுநர் முடிவு செய்தபோது வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பஸ் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே தொப்பை போட்டுவிட்டது. வலது இடுப்பு வேறு இறுகிப்போயிருந்தது. "எடையைக் குறைக்கணும். ஓடாதீங்க, சைக்கிள் மிதிங்க" என்றிருந்தார் டாக்டர்.

கடையில் இரண்டு ரகம் ஏறிப் பார்த்தார். முதலாவதில் சீட்டிலிருந்து ஹேண்டில்வரை உயரமாகக் குறுக்குக் கம்பி. காலைத் தூக்கிப் போடப் போனால் இடுப்பு பாதியிலேயே மக்கர் பண்ணியது. இரண்டாவதில் கம்பி முழங்காலுக்குக் கீழே தாழ்ந்திருந்தது. வாசற்படி தாண்டுகிற மாதிரி காலை வைத்து ஏறிக்கொண்டார். முதுகு நிமிர்ந்து உட்காரலாம், பையைக் கட்டப் பின்னால் கேரியரும் உண்டு. ஒரு சுற்று போய் வந்ததில் சின்னப் பையன்போலச் சிரித்துவிட்டார். அதையே எடுத்து வைக்கச் சொன்னார்.

கொண்டுவரப் போனவன் மச்சினன். ஜிம்மே கதி என்று கிடப்பவன். அவன் வாசலில் நிறுத்தியதோ உயரக் கம்பி போட்ட, குனிந்து ஓட்டுகிற சைக்கிள்.

"என்னடா இது?"

"நீங்க பார்த்தது லேடீஸ் சைக்கிள் மாமா. மாத்திட்டேன். இதை மிதிச்சாதான் தொப்பை கரையும்."

"நல்லாத்தானே இருக்கு" என்றாள் மனைவி. ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வாசற்கல்லில் நின்று ஒருவழியாக ஏறிவிட்டார். ஓடுகிறவரை தொந்தரவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. சீட்டிலிருந்து கால் தரைக்கு எட்டவில்லை. முன்னால் நகர்ந்தால் கம்பி இடித்தது. பின்னால் வீசிய கால் கம்பியைத் தாண்டவில்லை. சைக்கிளோடு அப்படியே சாய்ந்தார்.

பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. அவருடைய டிப்போ பஸ்தான். 'விசில்' என்று எல்லோரும் கூப்பிடும் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அண்ணே, படுக்க வேற இடமே கிடைக்கலையா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடப்பவன் பஸ் ஓட்டுகிறவன் கண்ணில் படமாட்டான் என்று அவருக்குத் தெரியாதா?

முழங்கையில் ரத்தம் வழிய, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினார்.

"பழகிட்டா சரியாயிடும் மாமா..." என்று ஆரம்பித்தான் மச்சினன்.

"வாயை மூடு! உன் காலா அது? உன் இடுப்பா? யாரைக் கேட்டு மாத்தினே?"

"அவனை ஏன் திட்டுறீங்க?" மனைவி குறுக்கே வந்தாள். "நான்தான் மாத்தச் சொன்னேன். என் ஆபீஸ் ஆளுங்க போற வழியில நீங்க கிழவராட்டம் அதுல போனா, எனக்கு எப்படி இருக்கும்?"

ஓட்டுநர் கத்திவிட்டார்.

"திரும்பிப் படுக்கிறதுக்கு உன் தோளைத்தானே பிடிச்சுக்கிறேன்? அந்த இடுப்பு எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது? பஸ்ஸுக்கு அடியில போயிருந்தா பெருமையா இருந்திருக்குமா?"

அவள் மருந்தும் பஞ்சும் எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

ரத்தக்கறை படிந்த அதே சட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போய், தாழ்ந்த கம்பி போட்டதையே மாற்றிக் கேட்டார்.

"சார், அது பொம்பளைங்க ஓட்டுறது..."

"காலைத் தூக்க முடியாதவன் ஓட்டுறது. எடுத்துட்டு வாங்க."

கடைக்காரர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் எடுத்து வந்தார்.

காலை ஷிஃப்டு தவறிப்போனதால், அன்று மதிய ஷிஃப்டுக்கு அதில்தான் போனார். வழியில் எல்லாச் சிக்னலிலும் உள்ளங்கால் முழுதாகத் தரையில் பதிந்தது. டிப்போ வாசலில் விசில் பிடித்துக்கொண்டான்.

"என்னண்ணே, அண்ணி சைக்கிளா?"

"உங்க அண்ணிக்கு இதைப் பார்த்தாலே ஆகாதுடா" என்றார் ஓட்டுநர். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விசில் விழித்தான். அவர் சைக்கிளைப் பூட்டிவிட்டுத் தன் பஸ்ஸில் ஏறினார். சாவியைத் திருகுமுன் ஜன்னல் வழியே குனிந்து சக்கரத்தோரம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.