காலை எடுக்காதீங்க மாப்ள

என் தங்கையின் கணவர் கேம்ஷாஃப்டைக் காதால் தேர்ந்தெடுக்கிற ஆள். என் மெக்கானிக் ஷெட்டுக்குள் வந்தவர் நாற்காலியைக் கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவருடைய போனில் ஏதோ ஒரு கார் நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி உறுமியது.

"இந்தச் சத்தம் வரணும் மச்சான். நம்ம வண்டி தெருவுல திரும்பினா நாலு பேரு பாக்கணும்."

நம்ம வண்டி என்றாரே, அங்கேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி என் தங்கையுடையது. அதை வைத்துத்தான் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். இன்ஜினில் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் தேய்ந்து டிக் டிக்கென்று தட்ட ஆரம்பித்திருந்தது, மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இழுவை கூடுகிற மாதிரி ஒன்றைப் போடலாமே என்று வாயைக் கொடுத்தவன் நான்.

"அது ரேஸ் வண்டிக் கேம்ஷாஃப்ட் மாப்ள. வால்வை ரொம்ப நேரம் திறந்து வெச்சிருக்கும். மேல் வேகத்துல பறக்கும், கீழ இழுவையே இருக்காது. கத்துக்க வர்றவங்க கிளட்சை விட்டதும் வண்டி நின்னுடும். இன்ஜின் காத்தை உறிஞ்சுறது குறைஞ்சு பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும்."

"சும்மா பயமுறுத்தாதீங்க. எல்லாரும்தான் போடுறாங்க."

சொல்லிவிட்டு அடுத்த வீடியோவைத் தள்ளினார். வேறு யாராக இருந்தாலும் எழுந்து போ என்றிருப்பேன். தங்கையைக் கட்டியவர் ஆயிற்றே, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "கத்துக்கிறவங்களுக்கு எது நல்லதோ அதப் போடு அண்ணா" என்றாள். கீழ் வேகத்தில் இழுக்கிற மாதிரி மிதமான கேம் ஒன்றை வரவழைத்தேன். மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கேம்ஷாஃப்டில் முட்டை மாதிரி மேடுகள் இருக்கும். அவைதான் டேப்பட்டைத் தள்ளி வால்வைத் திறக்கும். புது மேடும் புது டேப்பட்டும் ஒன்றோடொன்று பழகும்வரை, முதல் இருபது நிமிடம் இன்ஜினின் வேகம் இறங்கவே கூடாது. இறங்கினால் மேட்டுக்கு ஆயில் தெறிப்பது குறைந்து, இரும்பை இரும்பே தின்றுவிடும். மேடுகளுக்கெல்லாம் உராய்வைத் தடுக்கிற பசை தடவி, டைமிங் குறிகளை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துத்தான் மூடினேன்.

ஸ்டார்ட் செய்கிற அன்று செண்ட் வாசனை முன்னால் வர, மாப்பிள்ளை பின்னால் வந்தார். வேலைக்கு அல்ல, வீடியோவுக்கு. இன்ஜின் ஓட ஓட ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கியது, வாளியோ காலி. ஷெட்டில் எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை.

"மாப்ள, இங்க உக்காருங்க. மீட்டர் முள்ளு ரெண்டாயிரத்துலயே நிக்கணும். நான் வர்ற வரைக்கும் ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்காதீங்க."

"இதெல்லாம் எனக்குச் சொல்லணுமா மச்சான்?"

பின்னால் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. வாளியோடு திரும்பும்போது இன்ஜின் வேகம் குறைந்து ஐடிலுக்கு இறங்கியிருந்தது. மாப்பிள்ளை பானெட் பக்கம் நின்று, போனை இன்ஜினுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

"எவ்ளோ நேரமா இப்படி?"

"இப்பதான், அஞ்சு செகண்டுதான். அந்தக் குலுங்குற சத்தமே வரல மச்சான், ஃப்ரெண்ட்ஸெல்லாம் சிரிக்கப் போறாங்க."

அவர் மேல் எனக்கு வந்தது கோபமே இல்லை. சாக்கடையில் கால் வைத்துவிட்டால் வருமே, அந்த அருவருப்பு.

இரண்டு வாரத்தில் மறுபடி டிக் டிக். சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றது. பின்னால் ஹாரன் அடித்ததில், கற்க வந்த ஒரு பெண் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அழுதே விட்டாளாம். தங்கை வகுப்புகளை நிறுத்திவிட்டாள். பிரித்துப் பார்த்தேன். இரண்டு மேடுகள் மழுங்கிப் போயிருந்தன, ஆயிலில் இரும்புத் தூள் மினுங்கியது.

தங்கை முதலில் தனியாகத்தான் வந்தாள். கேட்காமலேயே போனை நீட்டினாள். மாப்பிள்ளை அன்றைக்கே பெருமையாகப் போட்ட வீடியோ. ஐந்து செகண்டாவது ஒன்றாவது! இன்ஜின் ஐடிலில் தடதடக்க, மனுஷன் நிமிடக் கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்.

"தெரியும் அண்ணா. ஆனா உன் வேலைல தப்புன்னு சொல்லிடேன். தப்பு அவர் மேலன்னு வந்துச்சுன்னா வாரக்கணக்குல முகம் குடுத்துப் பேச மாட்டாரு. எனக்கு வண்டி ஓடினாப் போதும்."

என் கை செய்த வேலையை நானே கெட்டது என்று சொல்ல வேண்டும். ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இறங்கியிருந்தது. சரி என்றேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். மேசை மேல் கேம்ஷாஃப்டை வைத்து, "என் தப்புதான் மாப்ள, பழக்கும்போது நான் சரியாக் கவனிக்கல" என்றேன். சொல்லும்போது வாயெல்லாம் கசந்தது.

மாப்பிள்ளை என் தோளில் கை வைத்தார். "விடுங்க மச்சான். வயசாகுதுல்ல, கை முன்ன மாதிரி இருக்குமா? நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்." பிறகு தங்கையிடம் திரும்பினார். "அன்னிக்கே சொன்னேன்ல, உங்கண்ணனுக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு? இப்பவாவது நான் சொன்ன கேமப் போடச் சொல்லு. சத்தமாவது வரும்."

தங்கை என் தோளில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கு லேசாகச் சுருங்கியது.

"அண்ணா, இப்ப சொன்னது பொய்னு சொல்லு."

"என்ன பொய்?" என்றார் மாப்பிள்ளை.

அவள் போனை எடுத்து அந்த வீடியோவை ஓடவிட்டு, மழுங்கிய மேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மாப்பிள்ளையின் கை என் தோளைவிட்டு இறங்கியது.

"ஒரு சத்தத்துக்காகப் போயி இவ்ளோ பெருசு பண்றீங்களே" என்று முனகினார்.

"அதையேதான் நானும் கேக்குறேன்" என்றாள் என் தங்கை.