ஒரே ஓர் அட்லஸ் இருந்த காலம்

"நீங்க பாட்டுக்கு டெர்ம் முழுக்க வீட்ல வெச்சுக்கிட்டா நான் பாடம் நடத்த வேணாமா சார்?"

"நானும் பாடம் நடத்தத்தான் எடுத்தேன் மேடம். தலைக்கு வெச்சுப் படுக்க இல்லை."

"தலைக்குத்தான் வெச்சிருக்கீங்க. அட்டையில எண்ணெய்க் கறை இருக்கே!"

"அமைதி! இது நூலகம்!" என்று அவர்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிடும் குரலில் கத்தினார் நூலகர்.

சண்டை ஓர் அட்லஸுக்காக. கைக்குழந்தை கனம் இருக்கும். கல்லூரியில் அது ஒன்றுதான் இருந்தது. கேட்டவர் பூகோள விரிவுரையாளர், பிடித்து வைத்திருந்தவர் சரித்திர விரிவுரையாளர். கல்லூரிக் குடியிருப்பில் நாங்கள் வைத்த பெயரும் அதுதான், பூகோளம், சரித்திரம். நூலகருக்குப் பெயர் சட்டம். விதிப் பலகையை அவரே எழுதி, அவரே மாட்டி, அதற்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

விதி இதுதான். ஆசிரியர்கள் ஒரு டெர்ம் முழுக்கப் பத்துப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். அலுவலக ஊழியர்களுக்கு இரண்டே இரண்டு, அதுவும் இரண்டு வாரம். "வாத்தியாருக்கு மூளை பெருசா, பை பெருசா?" என்று கணக்குப் பிரிவு குமாஸ்தா மாதம் ஒரு முறை கேட்பார், சட்டம் பலகையைக் காட்டுவார். என் போன்ற ஆசிரியர் மனைவிகள் கணவர் அட்டையில் கதைப் புத்தகம் எடுக்கலாம். ஆனால் ஓர் ஆசிரியர் வைத்திருக்கும் புத்தகத்தை இன்னோர் ஆசிரியர் எழுதிக் கேட்டுவிட்டால், வைத்திருப்பவர் ஒரு வாரத்துக்குள் திருப்பியே ஆக வேண்டும்.

அந்தக் கடைசி விதியில்தான் குடும்பமே நடந்தது. சரித்திரம் எடுப்பார், பூகோளம் எழுதிக் கேட்பார். பூகோளம் எடுத்துப் போன மறுநாளே சரித்திரம் எழுதிக் கேட்பார். வாரா வாரம் வெள்ளிக்கிழமை கைமாறும், வாய்ச்சண்டை நடக்கும். நான் பாதி படித்த கதையைக்கூட வெள்ளிக்கிழமைதான் திருப்பிக் கொடுப்பேன். பத்திரிகை மேசையில் அன்றைக்கு இடம் பிடிப்பது கஷ்டம்.

எனக்கு முதலில் மூக்கில் வியர்த்தது என் வீட்டுக்காரர் சொன்ன ஒரு சேதியால்தான். அந்த வருஷம் சரித்திரம் நடத்தியது சட்டசபைகளின் வரலாறு. அதற்கு மலையும் வேண்டாம், நதியும் வேண்டாம். பிறகு எதற்கு ஐயா அட்லஸ்? வீதியில் பூகோளம் எதிரே வந்தால் மனிதர் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவார். வெள்ளிக்கிழமை மட்டும் சட்டையில் மடிப்புக் கலையாது, வாயும் வரும். பித்துப் பிடித்திருந்தது அவருக்கு. அதைச் சொல்லத் துப்பில்லை.

துப்பு எப்படி இருக்கும்? பூகோளம் எங்கள் பக்கத்து வீட்டில் அண்ணன், அண்ணியோடு இருந்தார். அண்ணன் கல்லூரியின் விளையாட்டு மாஸ்டர். கழுத்தில் விசிலோடுதான் சாப்பிடவே உட்காருவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் சட்டம் மண் அள்ளிப் போட்டார். நல்ல எண்ணம்தான். அங்கே இங்கே அலைந்து இன்னோர் அட்லஸ் வாங்கிவிட்டார். "இனி ஆளுக்கு ஒண்ணு. சண்டை தீர்ந்தது" என்று முத்திரை குத்தி நீட்டினார். இருவரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் முகத்திலாவது சந்தோஷம் இருக்க வேண்டுமே! அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டன. சரித்திரம் வெள்ளிக்கிழமையும் மரம் பார்க்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு அண்ணி துணி உலர்த்திக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "கடல் தாண்டி ஒரு வரன் வந்திருக்கு அக்கா. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். இவ வாயே திறக்க மாட்டேங்கிறா."

அன்று சாயங்காலம் சரித்திரம் எங்கள் வாசலைக் கடக்கும்போது, இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "எதுக்கு இப்படிக் கத்தறே?" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சரித்திரம் நேராகச் சட்டத்திடம் போய், "அட்லஸ் வேணும். திரும்பக் கேட்டு எழுதிக்குங்க" என்றார்.

"உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கே சார்."

"அவங்ககிட்ட இருக்கிறது வேணும்."

"ரெண்டும் ஒரே பதிப்பு, ஒரே அச்சு. என்ன வித்தியாசம்?"

சரித்திரம் சட்டை மடிப்பை நீவினார். "அதுல ஓரத்துல அவங்க பென்சில்ல குறிப்பு எழுதி வெச்சிருக்காங்க. அது எனக்குத் தேவைப்படுது."

சட்டத்தின் முகம் கறுத்தது. புத்தகத்தில் எழுதுவது அவர் அகராதியில் கொலைக்கு அடுத்தபடி. "எழுதியிருக்காங்களா?"

"நான் ஒண்ணும் எழுதலை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அட்லஸை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பூகோளம் நின்றிருந்தார். "எதுக்கு சார் பொய் சொல்றீங்க?"

இரண்டு வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துத் தூங்கப் பண்ணுகிற மனிதர் அண்ணாந்து மரத்தைத் தேடினார், மின்விசிறிதான் இருந்தது. கடைசியில், "வேற எப்படி உங்ககிட்டப் பேசறதுன்னு தெரியலை" என்றார்.

பத்திரிகைகள் எல்லாம் ஒரு சாண் இறங்கின.

பூகோளம் அட்லஸை மேசைமேல் தொப்பென்று போட்டார். விரித்தார். கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த நூலகப் பென்சிலை இழுத்தார், கயிறு அறுந்தது. நின்றபடியே ஒரு வரி எழுதினார். "இப்ப எழுதிட்டேன். கேட்டாரே, குடுத்துடுங்க."

சட்டம் விடுவாரா? சேதம் ஆன புத்தகத்தைப் பரிசோதிக்காமல் கடன் கொடுக்கக் கூடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கவே வாசித்தார்: "'நாளைக்குச் சாயங்காலம் அண்ணன் வீட்டில்தான் இருப்பார்.' சமுத்திரத்துக்கு நடுவுல எழுதியிருக்கு. ஏன் மேடம், இதுக்கும் நீரோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"சார்," என்றார் கணக்குப் பிரிவு குமாஸ்தா, "உங்களுக்கு மட்டும்தான் இன்னும் சம்பந்தம் புரியலை."

புரிந்த பிறகும் சட்டம் ரப்பரை எடுத்து அந்த வரியைச் சுத்தமாக அழித்து, தூளை ஊதித் தள்ளி, தேதி குத்திய பிறகுதான் புத்தகத்தைக் கொடுத்தார்.

மறுநாள் சரித்திரம் பக்கத்து வீட்டுக்கு வந்தபோது நான் சுவரோரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். துலக்கியதையே துலக்கினேன். பிறகு விளையாட்டு மாஸ்டர் சிரிப்பது கேட்டது. "அந்தப் பாறாங்கல்லை ஒவ்வொரு தடவையும் வீடு வரைக்கும் தூக்கிட்டு வந்தவன் நான்தான் மாப்பிள்ளை. இனிமே நீங்க தூக்குங்க."

மாப்பிள்ளை என்றாரே, அத்தோடு நான் குழாயை மூடினேன்.

இப்போது நூலகத்தில் விரலை வைத்தால் இயந்திரம் புத்தகம் தருகிறது. வீட்டிலிருந்தே தவணையை நீட்டிக்கொள்கிறார்கள். குமாஸ்தாக்களுக்கும் பத்துப் புத்தகம். நியாயம்தான். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்து "நீங்க பாட்டுக்கு" என்று தொடங்க அங்கே யாருக்கும் வழியில்லை. நான் இன்னும் வெள்ளிக்கிழமைதான் போகிறேன். பத்திரிகை மேசையில் எந்த நாற்காலி வேண்டுமானாலும் கிடைக்கிறது.

சரித்திரமும் பூகோளமும் கல்யாணமான வருஷமே வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். கடல் தாண்டி வந்த வரனைக் குமாஸ்தா தன் தங்கைக்கு மடக்கிவிட்டார். சட்டம் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு இருக்கிறார். விளையாட்டு மாஸ்டரும் அண்ணியும் சொந்த வீடு கட்டிக்கொண்டு போன பிறகு, பக்கத்து வீட்டுக்கு ஒரு வேதியியல் தம்பதி வந்திருக்கிறார்கள். சுவரில் காது வைத்தாலும் ஒரு சொல் கேட்காது. என்ன குடித்தனமோ.