சாக மறுத்தவனின் படம்

அந்தப் படத்தில் சுடப்பட்டு இறந்தவன், போட்டுப் பார்த்த ஒவ்வொரு முறையும் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். இதை முதலில் பார்த்தவர் எடிட்டர்.

படத்தை எடுத்தவர்கள் பேர் தெரியாத சில இளைஞர்கள். லாரிப் பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் காதலித்து, ஒரு மாடி அறையில் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள், கதை அவ்வளவுதான். விநியோகஸ்தர் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லா இருந்தா எவன்யா பார்ப்பான்? ஒருத்தன சாகடிங்க, ஊரே அழும்" என்றார். வேறு போக்கில்லாமல் இயக்குநரும் ஒருவனைச் சாகடித்தான்.

பிணமாகக் கிடப்பவனின் மார்பு ஏறி இறங்குவதற்குள் காட்சியை வெட்டிவிட வேண்டும் என்பது தொழில் பாடம். எடிட்டர் வெட்டினார். மறுநாள் செத்தவன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். காட்சியை உறையவைத்தார், உறைந்த காட்சியிலிருந்தே எழுந்தான். கடைசியில் அந்தத் துண்டையே அழித்தார். வெறும் கறுப்புத் திரையில் செருப்புச் சத்தம் படியேறியது, கதவு திறந்தது, "எங்கடா போய்த் தொலைஞ்ச, சோறு ஆறிப்போச்சு" என்றது மற்றவனின் குரல்.

தன்னோடு வெகு காலமாக ஒரே வீட்டில் வாழ்கிற மனிதரை எடிட்டர் எல்லாரிடமும் மாமா பையன் என்றே சொல்லி வந்தார். அந்தப் பொய்யும் நாள்தோறும் போட்ட ஒரு வெட்டுதான் என்று அப்போது பட்டது.

விநியோகஸ்தர் போன் செய்தார். "என்னய்யா, செத்தவன் சாகலையாமே?"

"மாட்டேங்கறான் சார். நானும் இனி வெட்டறதா இல்ல."

"அப்புறம் உனக்கு ஒரு பய வேலை தர மாட்டான், பாத்துக்க."

"சரிங்க சார்."

சொன்னபடியே ஒருவரும் தரவில்லை. எடிட்டர் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைத்தார். படத்தை ஒரே ஒரு பழைய தியேட்டர், காலைக் காட்சிக்கு மட்டும் எடுத்துக்கொண்டது. முதல் நாள் அவர் அந்த 'மாமா பையனை'யும் அழைத்துப் போனார். டிக்கெட் கிழிப்பவர், "யாரு சார், தம்பியா?" என்று கேட்டார்.

"இல்ல. என் ஆளு."

டிக்கெட் கிழிப்பவர் இருவரையும் ஒருமுறை பார்த்தார். "ஓரத்து சீட்டெல்லாம் உடைஞ்சிருக்கு. நடுவுல சேர்ந்து உக்காருங்க."

செத்தவன் அன்றும் எழுந்தான். முதல் வாரம் சிலர் கத்தினார்கள், ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார். பிறகு பழகிவிட்டது. சில வருடங்களில், துப்பாக்கி வெடித்ததுமே ஜனங்கள் காலால் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். அவன் எப்படியும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவான், கூட்டத்துக்கு முன்னால் போனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.