சிரிக்க வேண்டிய வீடு

அம்மா சந்தையிலிருந்து வந்து கதவைத் தாழிட்டபோது, டாமோ தானிய அறையில் அண்ணனின் வயிற்றுப் புண்ணிலிருந்து துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். துணி சதையோடு ஒட்டிப்போயிருந்தது. வெந்நீர் விட்டு ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிந்தது. பார்லி மூட்டைகளின் வாசனையையும் மீறி அழுகல் நாற்றம் அடித்தது.

அறை வாசலில் வந்து நின்ற அம்மா பொலிகாஸ்டாவின் முகத்தில், சந்தைக்குக் கொண்டுபோன சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. கழற்ற மறந்துவிட்டாள் போலும். இரண்டு கன்னங்களையும் உள்ளங்கையால் தேய்த்துவிட்டுக்கொண்டு, வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஸ்பார்ட்டாவில் அதுதான் முறை. போரில் மகனைக் கொடுத்த வீட்டார் மறுநாளே தலைக்குக் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, தெருவில் சிரித்த முகத்தோடு நடக்க வேண்டும். பெண்கள் வாய்விட்டு அழக்கூடாது என்று ஊர்த் தலைவர்களே ஆள் விட்டுச் சொல்லிவிடுவார்கள். தோற்ற போரிலிருந்து மகன் உயிரோடு திரும்பி வரப்போகிற வீட்டார்தான் எண்ணெய் காணாத தலையோடு உள்ளே முடங்கிக் கிடப்பார்கள். வடக்கே நடந்த போரின் சேதி வந்ததிலிருந்து ஊரில் பாதி வீடு சிரித்துக்கொண்டிருந்தது, மீதி வீடு கதவை அடைத்துக்கொண்டிருந்தது. எந்த வீட்டில் நிம்மதி என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணன் தியோக்ளிஸ் செத்தவர்களில் ஒருவன். தூதனே வாசலில் நின்று பெயரைச் சொன்னான். அண்ணனுடையது அப்பா காலத்துக் கேடயம், சேவல் வரைந்தது, ஊரில் அதைத் தெரியாதவர் கிடையாது. அந்தக் கேடயத்தின் அடியில் குதிரைக் குளம்பு பட்டு முகம் சிதைந்த உடல் ஒன்று கிடந்ததாம். அங்கேயே மரியாதையோடு புதைத்துவிட்டார்கள். அம்மா குளித்தாள், உடுத்தினாள், போய்ச் சிரித்தாள். கிழவர்கள்கூட எழுந்து வழிவிட்டார்கள். கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

நேற்று மாலை, கரி ஏற்றி வந்த வண்டியில், கோணிகளுக்கு அடியிலிருந்து, செத்த மகன் இறங்கினான்.

அம்மா அவனைத் தொடவில்லை. முதலில் அவனுடைய வெறும் இடக்கையைத்தான் பார்த்தாள். "கேடயம் எங்கடா?"

"லைகோன் மேல போட்டுட்டேன்மா. அவன் விழுந்துட்டான். குதிரைங்க திரும்பத் திரும்ப அவனை மிதிச்சுக்கிட்டே ஓடுச்சு. பார்க்க முடியல."

அதற்குள் அவனுக்கும் ஈட்டி பாய்ந்திருக்கிறது. நாணல் புதருக்குள் விழுந்து கிடந்து கண் திறந்தபோது, இரு பக்கமும் பேசி முடித்து, பிணங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சேவலின் அடியில் கிடந்தவன் பக்கத்துத் தெரு மெலித்தோவின் மகன் லைகோன். அவன் பெயரைத் தூதன் எந்த வாசலிலும் சொல்லவில்லை. பாவம் மெலித்தோ, மகன் தப்பித்து வருகிறான் என்று கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

புண்ணுக்கு மருந்து போடுகிறவரைக் கூப்பிடலாம் என்று டாமோ இரவெல்லாம் கெஞ்சிப் பார்த்தாள். அம்மா அசையவில்லை. கேடயத்தை விட்டுவிட்டு உயிரோடு வந்தவனுக்கு இந்த ஊரில் என்ன நடக்கும் என்று டாமோவுக்குத் தெரியாதா? ஒட்டுப்போட்ட மேலங்கி, பாதி மழித்த தாடி, வழியில் எவன் வேண்டுமானாலும் அடிக்கலாம். பந்தியில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணை எவனும் எடுக்க மாட்டான். செத்தும் மானத்தோடு இருக்கிறவனை, பிழைக்க வைத்தா கொல்ல வேண்டும் என்று அம்மா கேட்டாள்.

இப்போது துணி முழுவதும் வந்துவிட்டது. அடியில் இருந்ததைப் பார்த்து டாமோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

தியோக்ளிஸ் கண் திறந்தான். "டாமோ, மெலித்தோ அத்தைகிட்ட சொல்லிடு. அவங்க அவனைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. அவன் ஓடல."

"பேசாதடா," என்றாள் அம்மா. சற்று நேரம் அவன் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "போ. அந்த மருந்துக்காரரைக் கூட்டிட்டு வா. யார் பார்த்தாலும் பார்க்கட்டும்," என்றாள்.

டாமோ எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கை அண்ணனின் மூக்கருகில் இருந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது. போக வேண்டியதில்லை என்று யாரும் சொல்லவில்லை.

இருவருமாக அவனைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவினார்கள். அம்மா தன் மேலாடை நுனியைச் சுருட்டிப் பல்லுக்கு இடையில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தெரு. தியாகி வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக்கூடாது. எண்ணெய் தடவி முடித்து, கொல்லையில் ஒலிவ மரத்தடியில் அடிமையை விட்டுக் குழி தோண்டச் சொல்லலாம் என்றாள். செத்தவன் செத்தவனாகவே இருந்துவிடட்டும்.

மெலித்தோவிடம் லைகோனைப் பற்றிச் சொல்ல வேண்டாமா என்று டாமோ கேட்டாள்.

"அவளாவது ஒரு பிள்ளை வருவான்னு உட்கார்ந்திருக்கட்டுமே," என்றாள் அம்மா. அதில் வஞ்சம் இல்லை. அதுதான் டாமோவைக் குழப்பியது. ஆனால் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. மேலங்கியை எடுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். அம்மா தடுக்கவில்லை.

மெலித்தோ வீட்டு முன்கதவு அடைத்திருந்தது. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து மெலித்தோ தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் மகனின் மேலங்கி. சிவப்பும் மஞ்சளுமாக ஒட்டுத் துணிகள். தலை சிக்குப்பிடித்துக் கிடந்தது.

"வாடியம்மா, அதிர்ஷ்டக்கார வீட்டுப் பொண்ணு," என்றாள். குரலில் குத்தல் இருந்தது, பகை இல்லை. "என்ன பார்க்கறே? எப்படியும் ஒட்டுப்போட்டதைத்தான் போட்டுக்கச் சொல்லுவாங்க. எவனோ கோணலா தைச்சுத் தர்றதுக்கு, நானே ஒழுங்கா தைச்சு வச்சிடறேன். வந்ததும் நாலு அறை விடுவேன். அப்புறம் சோறு போடுவேன். அவன் கோழையாவே இருக்கட்டும். எனக்கு அவன் ஒருத்தன்தான்."

டாமோவுக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. அம்மா சொன்னது சரிதான் என்றுகூடப் பட்டது. ஆனால் மெலித்தோ ஊசியை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தை, சேவல் கேடயத்துக்கு அடியில கிடந்தது எங்க அண்ணன் இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குதிரைகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.  மெலித்தோ நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மேலங்கியை மடித்தாள், ஒட்டுகள் உள்பக்கம் போகும்படி.

"உங்க அண்ணன் எங்கே?"

"வீட்லதான். போயிட்டான்."

மெலித்தோ தலையாட்டினாள். தலைக்குக் குளிக்க வேண்டும், தண்ணீர் காய வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். எழுந்தவள் அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரியாதவளைப் போல அறை நடுவில் நின்றாள். டாமோதான் அடுப்பை மூட்டினாள்.

மறுநாள் விடிவதற்குள் மெலித்தோ வீட்டிலிருந்து சேதி தெருவெல்லாம் போய்விட்டது. தியோக்ளிஸ் நடுக்கூடத்தில் கிடந்தான். போரில் செத்தவனுக்குப் போர்த்தும் சிவப்பு மேலங்கி கிடையாது, ஒலிவ இலை கிடையாது, தூக்க வர ஆளும் கிடையாது. நேற்றுவரை வழிவிட்ட கிழவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் வாசலைப் பார்த்துத் துப்பினார். இது இனி அழலாமென்று ஊர் விட்டுவிட்ட வீடு. பொலிகாஸ்டா தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். முதலில் ஒரு முனகல்தான் வந்தது. பிறகு அவள் மகனின் மார்பில் விழுந்து, தெருக்கோடிவரை கேட்கும்படி, ஓலமிட்டு அழுதாள். டாமோ அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். யாரும் ஆள் விட்டு நிறுத்தச் சொல்லவில்லை.

டாமோ கதவைச் சாத்தப் போனபோது தெருவில் மெலித்தோ வந்துகொண்டிருந்தாள். வெளுத்த உடை, வாரி முடிந்த கூந்தல். கிழவர்கள் எழுந்து வழிவிட, பெண்கள் கையைப் பிடித்து வாழ்த்த, எல்லோருக்கும் சிரித்தபடி நடந்தாள். டாமோவைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. வாசலைக் கடக்கிற இடத்தில் உள்ளேயிருந்து அழுகை உரக்க எழுந்தது.

மெலித்தோ நின்றாள். குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்தாள். முகத்தில் அதே சிரிப்போடு அதை மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். அழுகை கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் நிமிரவில்லை.