நூறு வீத ஓய்வு

வெள்ளவத்தையில் இறந்துபோகிறவர்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. அவசரமெல்லாம் அவர்களுடைய முப்பத்தோராம் நாள் கிரியைக்குத்தான். வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெளிக்கிடும்போது ஆளுக்கொரு நினைவு மலர் கொடுத்தாக வேண்டும். அட்டையில் இறந்தவரின் சிரித்த படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். அதைக் கணினியில் அடித்து, படம் பொருத்தி, பக்கம் கட்டித் தருகிறவள் நான். பெயர் சுபோதினி, வயது நாற்பத்தொன்று. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாகேந்திரம் அண்ணையின் அச்சகத்தில் பதினான்கு வருடமாக ஒரே கதிரையில் இருக்கிறேன்.

இந்தத் தொழிலில், இறந்தவரின் வீட்டார் என் முதுகுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்துகொண்டுதான் திருத்தம் சொல்வார்கள். மூத்த மருமகனின் பெயருக்கு முன்னால் 'பொறியியலாளர்' என்று போட்டால், இளைய மருமகனுக்கும் எதையாவது கண்டுபிடித்துப் போட்டாக வேண்டும். அதற்குள் ரொறன்ரோவிலிருந்து ஒரு பெறாமகள் வட்ஸ்அப்பில் தன் பெயர் எங்கே என்று கேட்பாள். அவளை நுழைத்தால் அவளுடைய அக்கா கோபிப்பாள். மவுஸைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம்.

போன தை மாதம் கை விறைக்கத் தொடங்கியது. முதலில் பெருவிரல், பிறகு பக்கத்து இரண்டு விரல்கள். உதறினால் போகும், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். ஒருநாள் காலையில் மகள் றஷ்மிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பிடித்திருந்த மயிர்க்கற்றை கையிலிருந்து நழுவியது எனக்குத் தெரியவே இல்லை. "அம்மா, பின்னுறீங்களோ, சும்மா நிக்கிறீங்களோ?" என்றாள். அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்று குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

டொக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டுக்குள்ளே நரம்பு நெரிபடுகிறது என்றார். "ரெண்டு மாதம் கைக்கு நல்ல ஓய்வு குடுங்கோ. வேலை செய்யத்தான் வேணுமெண்டால் அடிக்கடி நிப்பாட்டி எழும்புங்கோ. பெருவிரலுக்குக் கீழ இருக்கிற இந்தத் தசை வத்தத் தொடங்கினால் ஒப்பரேஷன்தான். அதுக்குப் பிறகும் பழைய பலம் வருமெண்டு நான் சொல்லமாட்டன்." அது என் வலது கை. எனக்கு மிகவும் பயமாகப் போய்விட்டது.

நாகேந்திரம் அண்ணையிடம் சொன்னேன். அண்ணை நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை, அவரே தினமும் சொல்வார். "நாங்கள் இஞ்ச ஒரு குடும்பம் மாதிரியெல்லோ, தங்கச்சி. கையைப் பாக்கத்தானே வேணும்" என்றார். இரண்டு மாத லீவு என்று நான் சொன்னதும் குடும்பம் கொஞ்சம் தூரத்துச் சொந்தமாகிவிட்டது. "இப்ப சீசனெல்லோ" என்றார். சாவுக்கு என்ன சீசன் என்று நான் கேட்கவில்லை.

தீர்வு மெல்பேணிலிருந்து விடுமுறைக்கு வந்தது. அண்ணையின் மருமகன் அபிஷன். அங்கே ஏதோ பெரிய கொம்பனியில் கணினி வேலை. நின்றுகொண்டு வேலை செய்ய ஒரு மேசையாம், இருப்பதற்குக் கதிரைக்குப் பதிலாக ஒரு பந்தாம். என்னுடைய கதிரையைச் சுற்றிச் சுற்றி வந்து நான்கு பக்கமும் நின்று படம் எடுத்தான். "அன்ரி, இதில இருந்தோ வேலை செய்யிறீங்கள்?" என்று கவலைப்பட்டான். கவலைப்பட்டுவிட்டுக் கதிரையை அப்படியே விட்டு, கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டான்.

"நாப்பது நிமிசத்துக்கு ஒருக்கா ஸ்கிரீன் லொக் ஆகும், அன்ரி. அஞ்சு நிமிசத்துக்கு என்ன செய்தாலும் திறக்காது. எழும்பி நடவுங்கோ, கையை நீட்டி மடக்குங்கோ, தூரத்தில பாருங்கோ. எவ்வளவு ஓய்வு எடுத்தனீங்கள் எண்டு ரிப்போர்ட்டும் தரும்."

பொய் சொல்லக்கூடாது, சந்தோசமாகத்தான் இருந்தது. அந்த அறையில் தூரத்தில் பார்க்க ஒன்றும் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் இடத்தில் பக்கத்துத் தொடர்மாடியின் பல்கணி, அதில் யாரோ துவைத்துக் காயப்போட்ட சாரம். ஐந்து நிமிடம் சாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

அடுத்த நாள் சிவமணி அக்கா தன் கணவரின் மலருக்காக வந்து எனக்குப் பின்னால் இருந்தா. "இவற்ற மூக்குக்குக் கீழ ஒரு நிழல் விழுது, அதை எடுத்துவிடுங்கோ" என்று சொல்ல, நான் படத்தைப் பெரிதாக்கி மூக்குக்குக் கிட்டப் போனேன். பட்டென்று கணவரைக் காணவில்லை. அவர் இருந்த இடத்தில், இறுக்கமான உடுப்போடு ஒரு கார்ட்டூன் பெண் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தாள். மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கும்படி கீழே ஆங்கிலத்தில் ஒரு வேண்டுகோள் இருந்தது.

"ஐயோ, அவர் எங்க?" என்றா சிவமணி அக்கா.

"அஞ்சு நிமிசத்தில வந்திடுவார், அக்கா" என்றேன். வாயிலிருந்து போன பிறகுதான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று விளங்கியது.

சத்தம் கேட்டு நாகேந்திரம் அண்ணை ஓடிவந்தார். "பயப்பிடாதேங்கோ, மெஷின் கொஞ்சம் றெஸ்ட் எடுக்குது. தொடர்ந்து ஓடினால் சூடாகிடுமெல்லோ" என்று விளங்கப்படுத்தினார்.

அவர் அப்படி விளங்கிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் அச்சகத்தில் கணினி அறைக்கு மட்டும்தான் ஏசி. சேர்ந்த புதிதில் அது எனக்காக என்று நினைத்து நன்றி சொல்லியிருக்கிறேன். "உங்களுக்கில்லை, தங்கச்சி, கொம்பியூட்டருக்கு" என்று அண்ணை திருத்தினார். உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும், கணினிக்குத் தூசு ஆகாது. சரஸ்வதி பூசை அன்றைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, ஒருவரும் தொடாமல் நாள் முழுவதும் ஓய்வு கொடுப்போம். அன்று நான் அலுமாரி துடைப்பேன், கடலை வறுத்துப் பிரசாதம் பங்கிடுவேன். இப்படிப்பட்ட இடத்தில் கணினிக்குள்ளிருந்து ஓய்வு என்று ஒரு செய்தி வந்தால், அது யாருக்கு என்று அண்ணைக்குச் சந்தேகம் வருமா?

"இது எனக்கு ஓய்வு தாறதுக்கு, அண்ணை" என்றேன்.

"ஓம் ஓம், உங்களுக்கும்தான்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கை கட்டிக்கொண்டு நிற்பதை அவர் பதினான்கு வருடத்தில் கண்டதில்லை. "மெஷின் எழும்பும் வரைக்கும் சும்மாதானே நிக்கிறியள்? அந்த மலர்க் கட்டுக்கு ஒருக்காக் கம்பி அடிச்சுவிடுங்கோவன்."

கம்பி அடிப்பது என்றால், மடித்த பக்கங்களை நீளமான ஸ்டேப்ளருக்குள் வைத்து, உள்ளங்கையின் அடியால் ஓங்கி அமுக்க வேண்டும். டொக்டர் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தால்தான். ஒரு மலருக்கு இரண்டு கம்பி.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். சிவமணி அக்கா பார்த்துக்கொண்டிருந்தா. வாடிக்கையாளருக்கு முன்னால் முதலாளியோடு வாய் காட்டுவது எப்படி? அதைவிட, பதினான்கு வருடமாக 'ஓம் அண்ணை' என்று பழகிய வாய் அது. வேறு சொல் வரவில்லை. இப்போது நினைத்தாலும் என்னில் எனக்கே எரிச்சல் வருகிறது.

அன்றிலிருந்து அதுவே ஒழுங்காகிவிட்டது. நாற்பது நிமிடம் மவுஸ், ஐந்து நிமிடம் ஸ்டேப்ளர். திரையில் அந்தக் கார்ட்டூன் பெண் கையை நீட்டி மடக்கி, கழுத்தைச் சுழற்றி, எனக்கும் சேர்த்து உடற்பயிற்சி செய்வாள். நான் ஒரு இடைவேளைக்கு நாற்பது மலர் அடிப்பேன், எண்பது அமுக்கு. ஒரு நாளைக்குப் பதின்மூன்று இடைவேளை. "அபிஷன் போட்ட சாமான் திறமான சாமான், வேலை ரெண்டு மடங்கு ஓடுது" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் அண்ணை பெருமையாகப் புளுகினார்.

அச்சு மெஷின் ஓட்டும் நிலாமுக்கு இது பொறுக்கவில்லை. முன்பெல்லாம் கம்பி அடித்தது அவன்தான். "அக்கா, மொதலாளி கம்ப்யூட்டருக்குத்தான் ரெஸ்ட் குடுக்குறாரு. நீங்க அத வெச்சிட்டுப் போங்க, நான் தொழுதிட்டு வந்து அடிக்கிறேன்" என்பான். அவன் பள்ளிவாசலுக்குப் போய் வரும் அரை மணித்தியாலத்துக்குள் அண்ணை இரண்டு தரம் எட்டிப் பார்ப்பார். கட்டு அப்படியே இருந்தால் ஒரு சொல் சொல்லமாட்டார், பெருமூச்சு மட்டும் விடுவார். ஏசினாலாவது தாங்கலாம். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்து நானே அடித்து முடித்துவிடுவேன்.

இரண்டு மாதம் முடிந்தது. பெருவிரலுக்குக் கீழே ஒரு சிறு பள்ளம் தெரிந்தது. சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. கொட்டாஞ்சேனையில் மருந்துக்கடை வேலைக்குப் போகிற என் கணவர் அனுஜன், விடிய எழும்பி றஷ்மிக்குத் தலை பின்னப் பழகிக்கொண்டிருந்தார். டொக்டரிடம் போக வேண்டும் என்று அண்ணையிடம் அரை நாள் லீவு கேட்டேன். உடனே தந்தார். லீவோடு ஒரு கடதாசியும் தந்தார். மென்பொருளின் ரிப்போர்ட். மினுங்கும் தாளில், நினைவு மலருக்குப் போடும் தங்கக் கரையெல்லாம் போட்டு அவரே வடிவாக அச்சடித்திருந்தார். 'எடுத்த ஓய்வு: நூறு வீதம்.'

"டொக்டரிட்டக் காட்டுங்கோ. நாங்கள் உங்களை எப்பிடிப் பாக்கிறம் எண்டு தெரியட்டும்" என்றார்.

காட்டினேன். டொக்டர் கவனமாக வாசித்தார். "இவ்வளவு ஒழுங்கா ஓய்வு எடுத்தும் கூடியிருக்கெண்டால், காரணம் வேற ஏதோ" என்று சீனி வருத்தத்துக்கு ஒரு இரத்தப் பரிசோதனை, தைரொயிட்டுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒரு ஸ்கான் எழுதினார். இதற்குள் இரண்டு கிழமை போனது. அந்த இரண்டு கிழமையும் நான் கம்பி அடித்தேன். சீனி இல்லை, தைரொயிட் இல்லை, கழுத்து பிள்ளையார் கழுத்துப் போல உறுதியாக இருந்தது.

டொக்டர் எல்லா முடிவுகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் கேட்டார். "அந்த அஞ்சு நிமிச ஓய்வில நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

அதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. நூறு வீதம் என்று தங்கக் கரையோடு அச்சடித்திருந்ததை நானே பாதி நம்பியிருந்தேனோ என்னவோ. ஸ்டேப்ளரைப் பற்றிச் சொன்னேன். டொக்டர் பெருவிரலுக்குக் கீழே இருந்த பள்ளத்தை ஒருதரம் அமுக்கிப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து ஒப்பரேஷனுக்குத் திகதி எழுதினார்.

ஒப்பரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் அண்ணை வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் கடதாசிப் பையில் திராட்சை, மற்றக் கையில் மடிகணினி. நான் கட்டிலில், கட்டுப் போட்ட கையைத் தலையணையில் உயர்த்தி வைத்தபடி இருந்தேன். பெருவிரலுக்குப் பழைய பலம் வருமா என்று ஆறு மாதம் போன பிறகுதான் சொல்லலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"இப்ப கை எப்பிடி, தங்கச்சி?" என்று அண்ணை கட்டைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மடிகணினியைத் திறந்துவிட்டார். "அபிஷன் புதுசா ஒண்டு அனுப்பினவன். இனிக் கையே தேவையில்லை. நீங்கள் வாயால சொன்னாக் காணும், அது தானே தமிழில அடிக்கும். கைக்கு முழு ஓய்வு! வாற வெள்ளிக்குள்ள ரெண்டே ரெண்டு மலர்தான்."

எனக்குக் கோபம் வந்தது. பதினான்கு வருடமாக வராமல் இருந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க எனக்குத் தெரியாது. "எப்பிடி எண்டு காட்டுங்கோ, அண்ணை" என்றேன். அவர் மடிகணினியில் செருகிய மைக்கை என் வாய்க்குக் கிட்டப் பிடித்தார். வீட்டை எப்படி ஓட்டப்போகிறோம், அனுஜனிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று ஒன்றும் தெரியாமலே, மலருக்கு அடிக்கும் நல்ல தமிழில் ஆறுதலாகச் சொன்னேன்.

"அன்புள்ள அண்ணைக்கு, இன்றிலிருந்து நான் வேலைக்கு வரமாட்டேன். கை சுகமானாலும் வரமாட்டேன். இந்தக் கையைக் கெடுத்ததில் பாதி உங்கள் ஸ்டேப்ளர், பாதி உங்களுக்கு ஓம் என்று சொன்ன என் வாய். இப்படிக்கு, சுபோதினி."

நல்ல மென்பொருள். ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருந்தது. அண்ணை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வாசித்தார். அவருடைய முகம் வாடிப்போனது. ஏதோ சொல்லப்போகிறார், மன்னிப்பாகக்கூட இருக்கலாம் என்று ஒரு கணம் நம்பினேன்.

"இது செல்லாதே, தங்கச்சி" என்றார் மெதுவாக. "உங்கட கையெழுத்து வேணுமெல்லோ."

திராட்சைப் பையைக் கவிழ்த்தேன். பழங்கள் கட்டிலெல்லாம் உருண்டன. "பேனையைத் தாங்கோ" என்று வாங்கி, பையை முழங்காலில் விரித்து, இடது கையால் 'வரமாட்டேன்' என்று எழுதிக் கீழே பெயரைப் போட்டேன். ஐந்து நிமிடம் பிடித்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன, ஆனால் வாசிக்கலாம். அண்ணையிடம் நீட்டினேன்.