ஏழு மணி மாத்திரை

2025 ஜூன் 19, வியாழன்

இன்று ஒரு சிறிய பிழை விட்டேன். மாலை ஏழு மணிக்கு அலாரம் அடித்ததும் எழுந்து போய், நானாவின் மாத்திரைகளை வழக்கம்போலச் சின்னப் பீங்கான் தட்டில் எடுத்து வைத்தேன். தண்ணீரும் ஊற்றி வைத்தேன். என் அண்ணன் நஸ்ரி நானாவைத் திங்கட்கிழமை அடக்கிவிட்டோம்.

உம்மா பார்த்தார். அந்தத் தண்ணீரை எடுத்துத் தானே குடித்தார்.

நான் படிக்கும் பின்னேர வகுப்பில் கணக்கியல் சேர், பிழையை முதலில் எழுதி, காரணத்தைப் பிறகு தேடச் சொல்வார். காரணத்தை நான் சரியாக எழுதுவேனோ தெரியாது. எழுதிப் பார்க்கிறேன்.

நானாவுக்கு உம்மாதான் சிறுநீரகம் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீடு ஏழு மணியைப் பார்த்தே நடந்தது. காலை ஏழு, மாலை ஏழு. மாத்திரை தவறினால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை அந்நியமென்று தள்ளிவிடும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். கலியாண வீட்டில் எல்லாரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உண்டுகொண்டிருக்கும்போதும், நானா கையைக் கழுவிவிட்டு மாத்திரை போட்டு வருவார். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் அவர் கணக்கு எழுதிய ஐஸ் கூடத்தில், அவர் மாத்திரை எடுப்பதைப் பார்த்து லொறிக்காரர்கள் மணிக்கூட்டைத் திருத்துவார்களாம்.

இந்த மாதத் தொடக்கத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதித்தால் கொரோனா. ஐஸ் கூடத்து முத்தலிப் காக்கா ஃபோனில் சிரித்தார்.

"என்னடா நஸ்ரி, ஊரெல்லாம் வந்து முடிஞ்ச வருத்தம் உனக்கு இப்பதானா வாற?"

"பிந்தி வந்தாலும் வரவு வெக்கத்தானே வேணும், காக்கா," என்றார் நானா. மேலே பேச இருமல் விடவில்லை.

டாக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கின்றன. கிருமியோடு போராட இப்போது அந்த எதிர்ப்பு வேண்டும். ஆகவே ஒரு மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்த வேண்டும், மற்றதைத் தொடரலாம். நான் அன்றே அதைப் பெட்டியிலிருந்து எடுத்து அலுமாரியில் பூட்டினேன்.

"அத நிப்பாட்டினா உம்மாட கிட்னி போயிடும் புள்ள," என்றார் நானா.

"டாக்டர்தானே சொன்ன."

"டாக்டர்ர உம்மாவா அதத் தந்த?"

"கிட்னி போனா மெஷின் இரிக்கி. நீங்க போனா?"

"ஓம், ஓம். கணக்கு டீச்சர் சொன்னாச் சரி."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூச்சு முட்டி அவரை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்த அன்று, அவர் சட்டையை மாற்றிவிட்டேன். சட்டைப் பையில், நிறுத்தச் சொன்ன அதே மாத்திரையின் அட்டை இருந்தது. பாதி காலி. அவசரத்துக்கென்று ஐஸ் கூடத்தில் வைத்திருந்ததை எனக்குத் தெரியாமல் போய் எடுத்து வந்திருக்கிறார்.

"நானா, இதென்ன?"

ஒட்சிசன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார்.

"உம்மாக்கிட்டச் சொல்லிராத."

டாக்டரிடம் காட்டினேன். அதனால்தான் நோய் கூடியது என்று நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றார். அன்றோடு அந்த மாத்திரை நின்றது. ஆனால் நெஞ்சுச் சளி குறையவில்லை. ஞாயிறு பின்னேரம் நானா மவுத்தானார்.

மையித்தைப் பொறுப்பெடுக்கப் போனபோது டாக்டர் உம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கட கிட்னி கடைசி வரைக்கும் நல்லா வேலை செய்தது, அம்மா."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உம்மா இப்போது அதையே சொல்கிறார்.

"என்ட மகன் அத நல்லாப் பாத்தவன். ஒரு நேரமும் மாத்திர தவறவிட்டதில்ல. என்ன பஹ்மியா, சரிதானே?"

ஒவ்வொரு முறையும் என்னைப் பார்க்கிறார். நான் ஓம் என்கிறேன். இன்று முத்தலிப் காக்கா வந்திருந்தபோதும் ஓம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானா அட்டையை எடுத்துப் போனதை அவர் கண்டிருப்பாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

படுக்கப் போகுமுன் உம்மா சொன்னார்: "நாளைக்கு அவன்ட உடுப்பெல்லாம் தோச்சு, தேவப்பட்டாக்களுக்குக் குடுப்பம்."

நாளைய வேலை: நானாவின் சட்டைகளைத் துவைப்பது. உம்மா தொடுமுன் எல்லாப் பைகளையும் நான் பார்த்துவிட வேண்டும்.